ஆவடியும் ஓர் அடைமொழியும்

ஆங்கிலத்தில் எழுதுகையில் அடைமொழியின் விகுதியைப் பற்றி நாம் பெரிதும் கவலைப்படுவதில்லை. 1955 ஜனவரியில் நம் ஆவடியில், யு. என். தேபர் தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாடு, 'சோஷலிஸ்டிக் பேட்டர்ன்' சமுதாயமே இலக்கு எனத் தீர்மானித்தது. 'சோஷலிஸ்ட்' என்றால் சமதர்மமே. 'சோஷலிஸ்டிக்' என்றால் சமதர்மச் சாயலுடையது எனலாம். அதன்மேல் 'பேட்டர்ன்', அதாவது மாதிரி, என்றொரு சொல் வேறு! அரசுத் தொழிலோடு தனியார் தொழிலுக்கும் இடம்தர அச்சொற்றொடர் வசதியாயிற்று. மறு ஆண்டே இரண்டாம் ஐந்தாண்டுத் திட்ட அறிக்கை 'சோஷலிஸ்ட் பேட்டர்ன்' என்று எழுதிற்று. சாயல் போயிற்று, மாதிரி நின்றது. 1976-இல் இயற்றப்பட்ட 42-ஆம் திருத்தம் அரசியலமைப்பின் முகவுரையில் 'சோஷலிஸ்ட்' என்பதைச் சேர்த்தபோது, மாதிரியும் இல்லை. ஒரு தேசத்தின் இலக்கே விகுதியில் நின்றிருக்கிறது. இனி ஆங்கிலத்தில் அடைமொழி இடுமுன், அதன் விகுதியை ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.