வளைகுடாப் போர்ச் செலவுப் பகிர்வு

வளைகுடாப் போர்ச் செலவுப் பகிர்வு என்பது, 1990-91 ஆம் ஆண்டுகளில் குவைத்தை ஈராக்கிடமிருந்து மீட்க ஐக்கிய அமெரிக்காவின் தலைமையில் நடைபெற்ற படை நடவடிக்கையின் சுமையைக் கூட்டணி நாடுகள் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட முறையைக் குறிக்கும். இப்போரினால் ஐக்கிய அமெரிக்காவுக்கு ஏற்பட்ட கூடுதல் செலவு ஏறத்தாழ 61 பில்லியன் டாலர் எனக் கணக்கிடப்பட்டது (1 பில்லியன் = 100 கோடி). இதில் ஏறத்தாழ 54 பில்லியன் டாலரைப் பிற நாடுகள் ஏற்றன. போரை முன்னின்று நடத்திய நாட்டின் செலவில் இவ்வளவு பெரிய பங்கைப் பிறர் செலுத்தியது அரிதான நிகழ்வாகும். பணம் கொடுத்த நாடும் படை அனுப்பிய நாடும் ஒரே அளவு சுமையை ஏற்றனவாகக் கருதப்படுமா என்ற கேள்வியையும் இப்பகிர்வு எழுப்பியது.

பின்னணி

1990 ஆகஸ்டு 2 அன்று ஈராக் குவைத்தைக் கைப்பற்றியது. ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை நான்கு நாட்களில் ஈராக்கின் மீது பொருளாதாரத் தடை விதித்தது. நவம்பர் 29 அன்று நிறைவேறிய 678 ஆம் தீர்மானம், 1991 சனவரி 15 க்குள் ஈராக் வெளியேறாவிடில் தேவையான எல்லா வழிகளையும் கையாள உறுப்பு நாடுகளுக்கு அனுமதி அளித்தது. ஆனால் செலவை யார் ஏற்பது என்பதை அத்தீர்மானம் வரையறுக்கவில்லை. ஐக்கிய நாடுகள் அமைதிகாக்கும் படைகளுக்கு உறுப்பு நாடுகளிடம் விகிதப்படி நிதி பெறும் முறை உண்டு. இப்படை ஐக்கிய நாடுகளின் நேரடிக் கட்டுப்பாட்டில் இல்லாததால் அம்முறை இதற்குப் பொருந்தவில்லை.

அப்போது ஐக்கிய அமெரிக்காவின் வரவு செலவுத் திட்டத்தில் பெரும் பற்றாக்குறை நிலவியது. வளைகுடா எண்ணெயை மிகுதியாகச் சார்ந்திருந்த ஜப்பானும் மேற்கு ஐரோப்பிய நாடுகளும் பொருளாதார வலிமை பெற்றிருந்தன. எனவே அந்நாடுகளும் சுமையை ஏற்க வேண்டும் என அமெரிக்கக் காங்கிரசில் வற்புறுத்தப்பட்டது.

நிதி திரட்டல்

1990 செப்டம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் வெளியுறவுச் செயலாளர் ஜேம்சு பேக்கரும் கருவூலச் செயலாளர் நிக்கொலசு பிரேடியும் வெவ்வேறு நாடுகளுக்குச் சென்று நிதி கோரினர். தகரக் குவளை ஏந்திய பயணம் என இது கேலியாகக் குறிப்பிடப்பட்டது. பெறப்பட்ட பணத்தை வைப்பதற்குப் பாதுகாப்பு ஒத்துழைப்புக் கணக்கு என்ற தனிக்கணக்கு சட்டத்தின் மூலம் ஏற்படுத்தப்பட்டது. காங்கிரசின் ஒப்புதலின்றி இப்பணத்தைச் செலவிட இயலாது.

ஐக்கிய அமெரிக்காவுக்கு அளிக்க ஒப்புக்கொள்ளப்பட்ட தொகைகள் (ஏறத்தாழ) வருமாறு:

* சவூதி அரேபியா - 16.8 பில்லியன் டாலர்
* குவைத் - 16 பில்லியன் டாலர்
* ஜப்பான் - 10 பில்லியன் டாலர்
* ஜெர்மனி - 6.5 பில்லியன் டாலர்
* ஐக்கிய அரபு அமீரகம் - 4 பில்லியன் டாலர்
* தென் கொரியா மற்றும் பிற நாடுகள் - எஞ்சிய சிறு பகுதி

மொத்தத்தில் ஏறத்தாழ 48 பில்லியன் டாலர் பணமாகவும் 6 பில்லியன் டாலர் பொருளாகவும் சேவையாகவும் அளிக்கப்பட்டது. சவூதி அரேபியா எரிபொருள், குடிநீர், உணவு, போக்குவரத்து ஆகியவற்றை வழங்கியது. ஜெர்மனி நச்சு வேதிப்பொருட்களையும் கதிரியக்கத்தையும் கண்டறியும் கவச வண்டிகளை அளித்தது. 1992 ஆம் ஆண்டுக்குள் அனேகமாக முழுத்தொகையும் செலுத்தப்பட்டது. இவ்வரவின் காரணமாக, நெடுங்காலம் பற்றாக்குறையில் இருந்த ஐக்கிய அமெரிக்காவின் நடப்புக் கணக்கு 1991 ஆம் ஆண்டில் சிறு உபரியைக் காட்டியது.

கணக்கிடும் முறை

61 பில்லியன் டாலர் என்பது போரின் முழுச் செலவு அன்று. போர் இல்லாவிடினும் வழங்கப்பட்டிருக்கக்கூடிய படையினரின் வழக்கமான ஊதியம், ஏற்கனவே வாங்கப்பட்டிருந்த கப்பல்கள், வானூர்திகள் ஆகியவற்றின் விலை போன்றவை இதில் சேர்க்கப்படவில்லை. படையை நகர்த்துதல், எரிபொருள், வெடிபொருள், அழைக்கப்பட்ட சேமப்படையினரின் ஊதியம் போன்ற கூடுதல் செலவுகளே சேர்க்கப்பட்டன. எல்லாவற்றையும் சேர்த்தால் செலவு 100 பில்லியன் டாலரைத் தாண்டும் என அமெரிக்கத் தணிக்கையாளர்கள் மதிப்பிட்டனர். ஆகவே, பிற நாடுகள் செலுத்திய விகிதம் எதை அடிப்படையாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும்.

உயிரிழப்பு எக்கணக்கிலும் அடங்காது. ஐக்கிய அமெரிக்கா ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட படையினரை அனுப்பியது. அவர்களில் 148 பேர் சண்டையில் இறந்தனர். ஐக்கிய இராச்சியம் 47 பேரை இழந்தது. பிரான்சு, எகிப்து, சிரியா ஆகியவையும் ஆயிரக்கணக்கில் தரைப்படையினரை அனுப்பின.

ஜப்பான்

போரைக் கைவிடுவதாகக் கூறும் அரசியலமைப்பின் 9 ஆம் பிரிவு காரணமாக ஜப்பான் படை அனுப்பவில்லை. படையினரைப் போரிடாத பணிகளுக்கு அனுப்பும் நோக்கில் பிரதமர் தொசிக்கி கைஃபுவின் அரசு 1990 அக்டோபரில் கொண்டுவந்த சட்ட வரைவு, எதிர்ப்பினால் நவம்பரில் கைவிடப்பட்டது. அதற்கு மாறாக, எகிப்து, துருக்கி, ஜோர்தான் ஆகியவற்றுக்கான உதவியையும் சேர்த்து மொத்தம் 13 பில்லியன் டாலரை ஜப்பான் அளித்தது. இதற்காக நிறுவன வரியும் எண்ணெய் வரியும் தற்காலிகமாக உயர்த்தப்பட்டன.

ஆயினும் ஜப்பான் மிகக் குறைவாகவும் மிகத் தாமதமாகவும் கொடுத்ததாக விமர்சிக்கப்பட்டது. போர் முடிந்தபின் 1991 மார்ச்சில் குவைத் அமெரிக்க நாளிதழ்களில் வெளியிட்ட நன்றி விளம்பரத்தின் நாடுகள் பட்டியலில் ஜப்பானின் பெயர் இடம்பெறவில்லை. இது ஜப்பானிய அரசியலில் ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தியது. 1991 ஏப்ரலில் ஆறு கப்பல்கள் கண்ணிவெடி அகற்றுவதற்காக வளைகுடாவுக்கு அனுப்பப்பட்டன. அவை 34 கண்ணிகளை அழித்தன. 1992 சூனில் ஐக்கிய நாடுகள் அமைதிப் பணியில் பங்கேற்க வழிசெய்யும் சட்டம் நிறைவேறியது. அதன்படி அவ்வாண்டே கம்போடியாவுக்குப் படையினர் அனுப்பப்பட்டனர்.

ஜெர்மனி

1990 அக்டோபரில் ஒன்றிணைந்த ஜெர்மனி, நேட்டோ எல்லைக்கு வெளியே படை அனுப்புவதை அதன் அடிப்படைச் சட்டம் அனுமதிக்கவில்லை எனக் கருதியது. நேட்டோ உறுப்பு நாடான துருக்கியின் பாதுகாப்புக்கு மட்டும் போர் வானூர்திகளை அனுப்பியது. ஜப்பானைப் போலவே இந்நாடும் காசோலை இராசதந்திரம் செய்வதாகக் கூறப்பட்டது. 1991 இல் விதிக்கப்பட்ட ஒருமைப்பாட்டு மிகைவரிக்கு, கிழக்கு ஜெர்மனியின் மறுசீரமைப்புடன் வளைகுடாப் போர்ச் செலவும் காரணமாகக் காட்டப்பட்டது. நாடாளுமன்ற ஒப்புதலுடன் இத்தகைய பணிகளில் பங்கேற்கலாம் என 1994 சூலை 12 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1999 இல் கொசோவோ போரில் ஜெர்மன் வானூர்திகள் பங்கேற்றன.

பிற நாடுகள் ஏற்ற சுமை

பொருளாதாரத் தடையினால் ஈராக்குடன் வணிகம் செய்த அண்டை நாடுகள் பெரும் இழப்புக்கு உள்ளாயின. துருக்கி தன் நாட்டின் வழியாகச் சென்ற ஈராக்கிய எண்ணெய்க் குழாயை மூடியது. எகிப்து ஐக்கிய அமெரிக்காவுக்குச் செலுத்தவேண்டிய ஏறத்தாழ 7 பில்லியன் டாலர் படைத்துறைக் கடன் நீக்கப்பட்டது. மாறாக, 678 ஆம் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த யேமன் அமெரிக்க உதவியின் பெரும்பகுதியை இழந்தது. சவூதி அரேபியாவிலிருந்து இலட்சக்கணக்கான யேமனியத் தொழிலாளர்களும் வெளியேற நேர்ந்தது.

கூட்டணியில் இல்லாத நாடுகளும் பாதிக்கப்பட்டன. எண்ணெய் விலை உயர்வும் வளைகுடாவிலிருந்து வந்த பணம் குறைந்ததும் இந்தியாவின் 1991 ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி நெருக்கடியைத் தீவிரப்படுத்தின. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வானூர்திகளில் நாடு திரும்பினர். இத்தகைய இழப்புகள் கூட்டணியின் செலவுக் கணக்கில் இடம்பெறவில்லை.

மதிப்பீடு

கூட்டணியின் பயன் எல்லா உறுப்பினர்களுக்கும் கிடைப்பதால், சிறிய நாடுகள் தம் பங்கைக் குறைத்துக்கொள்ள முயலும் என மன்கர் ஓல்சனும் ரிச்சர்டு செக்கவுசரும் 1966 இல் விளக்கினர். 1990-91 இல் இது பெருமளவு தவிர்க்கப்பட்டதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. வளைகுடா நாடுகளுக்கு ஆபத்து நேரடியானதாக இருந்தது. ஜப்பானும் ஜெர்மனியும் தம் பாதுகாப்புக்கு ஐக்கிய அமெரிக்காவைச் சார்ந்திருந்தன. பாதுகாப்பு அவையின் தீர்மானம் நடவடிக்கைக்கு ஏற்புடைமை அளித்தது.

இந்நிலை பின்னர் தொடரவில்லை. தெளிவான ஐக்கிய நாடுகள் அனுமதியின்றி 2003 இல் தொடங்கிய ஈராக் போரின் செலவில் மிகப்பெரும் பகுதியை ஐக்கிய அமெரிக்காவே ஏற்றது. போலந்து போன்ற சில கூட்டாளிகளின் படைப் போக்குவரத்துச் செலவையும் அதுவே ஏற்றது. நேட்டோ நடவடிக்கைகளில் ஒவ்வொரு நாடும் தான் அனுப்பும் படையின் செலவைத் தானே ஏற்பது பொதுவான விதியாகும். இதனால் கூடுதல் படை அனுப்பும் நாடே கூடுதல் செலவையும் கூடுதல் உயிரிழப்பையும் ஏற்க நேர்கிறது. பணத்தையும் படையையும் தனித்தனியே பங்கிட்ட 1991 ஆம் ஆண்டின் ஏற்பாட்டிலிருந்து இது அடிப்படையில் வேறுபடுகிறது.

இவற்றையும் பார்க்க

* வளைகுடாப் போர்
* ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை
* நேட்டோ
* ஜப்பானின் அரசியலமைப்பு