விசைகளும் கட்டளைகளும்

கணினி என்றதும் வண்ணப் படங்களும், சுட்டியும், தொடுதிரையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், எழுத்துகள் மட்டுமே தோன்றும் பழைய திரை இன்னும் மறைந்துவிடவில்லை. பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புனேயிலும் கணினித் தொழில் புரியும் நம் அன்பர்கள் பலர் நாள்தோறும் அத்தகைய திரையின் முன் அமர்கின்றனர். அங்கே கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்டியே வேலை வாங்க வேண்டும். அடிக்கடி வேண்டப்படும் கட்டளையை ஓரிரு விசைகளுக்குள் அடக்கிக்கொள்வது காலத்தை மிச்சப்படுத்தும் வழி. ஆனால், எல்லா விசைகளும் இதற்கு இசைவதில்லை. சில பிடிவாதமாக மறுக்கின்றன. அப்பிடிவாதத்தின் காரணத்தை அறிய நாம் 1963ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டில் அமெரிக்காவில் ‘ஆஸ்கி’ என்னும் குறியீட்டு முறை வகுக்கப்பட்டது. கணினியோடு உரையாடுவதற்கு அந்நாளில் பெரும்பாலும் தொலை அச்சுக் கருவியே பயன்பட்டது. எழுத்துகளுக்கெல்லாம் எண்கள் வழங்கிய அறிஞர்கள், 0 முதல் 31 வரையுள்ள 32 எண்களை அச்சில் தோன்றாத ஆணைகளுக்கென ஒதுக்கினர். மணியடித்தல், வரியின் தொடக்கத்துக்குத் திரும்புதல் முதலியவை அவ்வாணைகள். அவற்றை அனுப்பும் பொருட்டே ‘கண்ட்ரோல்’ விசை அமைந்தது. அதனை அழுத்தியவாறு ஓர் எழுத்தைத் தட்டினால், அவ்வெழுத்தின் எண்ணிலிருந்து 64 கழிந்து எஞ்சியதே சென்று சேரும். ஆங்கில ‘ஜி’யின் எண் 71, 64 போக எஞ்சுவது 7, அதுவே மணியோசைக்குரிய எண்.

இந்தக் கழித்தல் கணக்கு இன்றும் நம் கைகளைக் கட்டுகிறது. ‘ஐ’யின் எண் 73, கண்ட்ரோலுடன் தட்டினால் 9 பிறக்கும். ‘டேப்’ விசை அனுப்புவதும் அதே 9. ஆகவே, பழைய முறையிலமைந்த எழுத்துத் திரையில் கண்ட்ரோல்-ஐக்குப் புதுப் பணி கொடுத்தால், டேப் விசையும் தன் பழைய பணியை இழந்துவிடும்.

கண்ட்ரோல்-எஸ் என்பதன் கதை இன்னும் சுவையானது. டெலிடைப் கருவிகளில் துளையிட்ட காகித நாடாவைப் படிக்கும் பொறி இருந்தது. அதனை நிறுத்த 19 என்ற எண்ணும், மீண்டும் ஓட்ட 17 என்ற எண்ணும் பயன்பட்டன. முன்னது கண்ட்ரோல்-எஸ், பின்னது கண்ட்ரோல்-க்யூ. காகித நாடாக்கள் காட்சிச்சாலைக்குச் சென்றுவிட்டன, ஆணை நிலைத்துவிட்டது. இன்றும் லினக்ஸ் எழுத்துத் திரையில் தவறிக் கண்ட்ரோல்-எஸ் தட்டியவர், திரை அசையாது நிற்பதைக் கண்டு கணினி பழுதுற்றதென்று அஞ்சுவதுண்டு. கண்ட்ரோல்-க்யூ தட்டினால் போதும். உறங்கிய திரை விழித்துக்கொள்ளும்.

இத்தனை தடைகளுக்கிடையிலும் விசைகளுக்குத் தம் விருப்பப்படி பணி வழங்கும் உரிமையை மனிதர் தேடினர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்தில் ‘டெக்கோ’ என்னும் எழுத்துத் திருத்தி வழக்கிலிருந்தது. எந்த விசையைத் தட்டினாலும் நாம் எழுதிவைத்த கட்டளைத் தொகுப்பு ஓடுமாறு ரிச்சர்ட் ஸ்டால்மன் அதனை விரிவாக்கினார். இதனால் பெருகிய சுதந்திரம் புதியதொரு சங்கடத்தையும் பிறப்பித்தது. அவரவரும் தத்தமக்கேற்ற விசைத் தொகுதிகளை அமைத்துக்கொண்டனர்; ஒருவர் கை பழகிய முறை மற்றவர்க்குப் புரியாததாயிற்று. கை ஸ்டீல் என்பவர் இவற்றை ஒன்றுபடுத்தும் பணியைத் தொடங்கினார். ஸ்டால்மன் அதனை நிறைவு செய்தார். 1976இல் தோன்றிய அந்த ‘ஈமேக்ஸ்’ பொதுவான விசை வழக்கு ஒன்றை நிலைநாட்டியது. தனி விருப்பத்துக்கும் இடம் விட்டது.

ஈமேக்ஸ் வழக்கே, 1989இல் வெளிவந்த ‘பாஷ்’ என்னும் கட்டளை ஏற்பிக்கும் அடிப்படையாயிற்று. இன்று லினக்ஸ் எழுத்துத் திரையில் நாம் தட்டும் விசை மூன்று வாயில்களைக் கடக்கிறது. முதல் வாயில் விசைப் பட்டியல். ‘லோட்கீஸ்’ என்னும் கட்டளையால் அதனை மாற்றலாம். இரண்டாவது, கண்ட்ரோல்-எஸ், கண்ட்ரோல்-சி போன்றவற்றைத் தடுத்துத் தானே ஆளும் முனைய விதி. ‘எஸ்-டி-டி-ஒய்’ என்னும் கட்டளை அதற்குரியது. மூன்றாவது பாஷ், அங்கே ‘பைண்ட்’ என்னும் கட்டளையால் விசைக்குப் பணி வழங்கலாம். புதிய விசை வேலை செய்யவில்லையெனில், எந்த வாயிலில் அது தடைப்பட்டதென்று வரிசையாக ஆராய்வதே முறை.

பாஷுக்குரிய விசை ஏற்பாடுகளை ‘இன்புட்-ஆர்சி’ என்னும் சிறு கோப்பில் எழுதி, எந்த ஊரில் எந்தக் கணினிக்கு மாறினாலும் உடன் கொண்டுசெல்லலாம். ஆயினும், நள்ளிரவில் பிறரது கணினி பழுதுற்று நம்மை அழைத்தால், அங்கே நம் கோப்பு இராது. பொது வழக்கே கைகொடுக்கும். இல்லத்தில் தமிழும் கடைவீதியில் அவ்வூர் மொழியும் பேசி வாழும் நமக்கு இது புதிய பாடம் அன்று. சொந்த விசைகளை அமைத்துக்கொள்வோம்; பொது விசைகளையும் கை மறவாது காப்போம்.