இன்டர்நெட் பில்லும் 1885-ம் ஆண்டுச் சட்டமும்

நீங்கள் கேட்காத சேவைக்கு இன்டர்நெட் பில்லில் கட்டணம் ஏறியிருக்கிறது. அல்லது இணைப்பை ரத்து செய்த பிறகும் மாதாமாதம் பில் வருகிறது. வாடிக்கையாளர் சேவை மையம் கைவிரித்துவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று இன்று சாதாரணமாகச் சொல்கிறோம். ஆனால் 2009-க்குப் பிறகு பல ஆண்டுகள் இந்தக் கதவு பலருக்கும் சாத்தியே இருந்தது உங்களுக்குத் தெரியுமா? அதைச் சாத்தியது தந்திக் காலத்துச் சட்டம் ஒன்று.

இந்தியத் தந்திச் சட்டம் 1885-ல் வந்தது. பின்னாளில் தொலைபேசியும் இன்டர்நெட்டும் இதன் கீழேயே வந்தன. 1957-ல் இச்சட்டத்தில் 7பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தொலைபேசி லைன், கருவி தொடர்பாகத் தகராறு வந்தால் மத்திய அரசு நியமிக்கும் நடுவர்தான் தீர்க்க வேண்டும். அவர் முடிவை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்றது அது. லைன் கொடுப்பதும் அரசு, பில் போடுவதும் அரசு, நடுவரை நியமிப்பதும் அரசு!

1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது நிலைமை மாறியது. மக்கள் தொலைபேசி பில் வழக்குகளை நுகர்வோர் மன்றங்களுக்குக் கொண்டுபோனார்கள். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் சேவையைத் தொடங்கியது. அது டயல்-அப் காலம். இன்டர்நெட் கணக்குக்கு ஒரு கட்டணம், அதற்காகச் செய்யும் தொலைபேசி அழைப்புக்குத் தனிக் கட்டணம். 1997-ல் டிராய் சட்டம் வந்தது. தனிப்பட்ட நுகர்வோரின் புகார்கள் நுகர்வோர் மன்றங்களிலேயே தொடரலாம் என்று அச்சட்டமும் இடம் கொடுத்தது.

பிறகு வந்தது திருப்பம். கோழிக்கோட்டில் பில் கட்டவில்லை என்று ஒருவரின் தொலைபேசி இணைப்பைத் துண்டித்தார்கள். மீண்டும் இணைப்புக் கொடுத்து 5,000 ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்று அங்குள்ள மாவட்ட நுகர்வோர் மன்றம் உத்தரவிட்டது. தொலைபேசித் துறை உச்ச நீதிமன்றம் வரை போனது. 2009 செப்டம்பர் 1 அன்று, 7பி பிரிவு இருப்பதால் இத்தகைய வழக்கை நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது.

அந்த வழக்கு அரசுத் தொலைபேசியைப் பற்றியது. ஆனால் தனியார் நிறுவனங்களும் இதே தீர்ப்பைக் காட்டத் தொடங்கின. பல மன்றங்கள் புகார்களின் நியாய அநியாயத்துக்குள் போகாமலே தள்ளுபடி செய்தன. தனியார் நிறுவனங்களுக்குத் தந்தி அதிகாரியின் அந்தஸ்து கிடையாது என்று 2014 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறையே கடிதம் எழுதியும் குழப்பம் ஓயவில்லை.

அதே 2014-ல் அகமதாபாத் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்கு ஒரு புகார் வந்தது. வழக்கமாக மாதம் 555 ரூபாய் அளவில் வரும் செல்போன் பில், ஒரே மாதத்தில் 24,609 ரூபாயாக வந்துவிட்டது என்பது புகார். எதிர்த்தரப்பு வோடபோன். இதை விசாரிக்க மன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று நிறுவனம் வாதிட்டது. 2022 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த வாதத்தை நிராகரித்தது. நுகர்வோர் விரும்பினால் நடுவரிடம் போகலாம், ஆனால் அங்குதான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றது. எங்கே முறையிடுவது என்ற கேள்விக்கு விடை கிடைக்கவே ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஆயின. பில் சரியா தவறா என்பதை அதன் பிறகுதான் பார்க்க முடியும்!

இதற்கிடையே 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, ‘சேவை’ என்பதற்கான விளக்கத்தில் தொலைத்தொடர்பையும் பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டது. பழைய தந்திச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் இயற்றப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டமும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமையைத் தொடவில்லை.

இவ்வளவு பாடுபட்டுத் திறந்த கதவை நாம் எப்படிப் பயன்படுத்துவது?

• முதலில் நிறுவனத்திடம் புகார் செய்து புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். எண் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை.

• தீர்வு திருப்தி தராவிட்டால் 30 நாட்களுக்குள் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். டிராய் விதிப்படி அவர் 39 நாட்களில் முடிவு சொல்ல வேண்டும்.

• தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

• அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட ஆணையம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

• ஒரே நிறுவனத்தால் பல வீடுகளுக்கு ஒரே பிரச்சினை என்றால், ஆணையத்தின் அனுமதியோடு ஒருவரே எல்லோருக்காகவும் புகார் தரலாம்.

எனவே பில்களையும், பணம் கட்டிய ரசீதுகளையும், இணைப்பை ரத்து செய்யச் சொல்லி அனுப்பிய மின்னஞ்சலையும் இரண்டு ஆண்டுகளாவது அழிக்காமல் வைத்திருங்கள். உங்கள் பிளாக்கில் வேறு யாருக்காவது இதே பிரச்சினை இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.