கடல்கொண்ட சிறகுகள்: கடற்படை வான்பிரிவு கடந்து வந்த பாதை

மன்னார் வளைகுடாக் கரையில் கடற்படையின் வான்பணிக்கு ஒரு பழைய அடையாளம் இலங்கையின் புத்தளம். இரண்டாம் உலகப் போரின்போது, தில்லையடியை அடுத்த பாலாவி வட்டாரத்து விமானத் தளத்தை 1943இல் பிரித்தானியக் கடற்படை ஏற்று, ‘ராஜாலிய’ என்று பெயரிட்டது. விமானந்தாங்கிக் கப்பல்களின் படைப்பிரிவுகள் இங்கே கரையிறங்கிப் பயிற்சி பெற்றன. மழை பெய்து தரை சேறாகி இழுவை வண்டிகள் செயலற்றபோது, யானைகளைப் பூட்டிக் கோர்செயார் போர் விமானங்களை ஓடுதளத்துக்கு நகர்த்தினார்கள். 1945இல் போர் ஓய்ந்தது, தளமும் மூடப்பட்டது.

சுதந்திர இந்தியாவின் முதல் கடற்படை விமானிகள் அதே பிரித்தானியக் கடற்படையிடம்தான் பயின்றார்கள். 1953 மே 11 அன்று கொச்சியில் ‘கருடா’ தளம் பணியில் அமர்த்தப்பட்டது. நீரிலும் நிலத்திலும் இறங்கவல்ல சீலேண்ட் விமானங்களே முதல் சொத்து. ஜெட் விமானப் பயிற்சிக்கு இடம் தந்த பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. கோயம்புத்தூரை அடுத்த சூலூரில் கடற்படையின் ஜெட் பிரிவு வளர்ந்தது. 1961 செப்டம்பரில் அங்கே பிறந்த ‘ஹன்சா’ தளம் 1964இல் கோவாவின் தபோலிமுக்கு இடம் மாறியது.

அறுபதுகள் சாதனைகளின் காலம். 1960இல் சீஹாக் விமானங்களுடன் 300ஆம் படைப்பிரிவும், 1961இல் அலிஸே விமானங்களுடன் 310ஆம் படைப்பிரிவும் அமைந்தன. 1961 மார்ச் 4 அன்று பெல்ஃபாஸ்டில் ‘விக்ராந்த்’ விமானந்தாங்கிக் கப்பல் இந்தியக் கொடியேற்றியது. அதே ஆண்டு மே 18 அன்று லெப்டினன்ட் ஆர்.எச். தஹிலியானி அதன் தளத்தில் சீஹாக் விமானத்தை இறக்கினார். விக்ராந்தில் இறங்கிய முதல் இந்திய விமானி அவரே. பின்னாளில் கடற்படைத் தளபதியாகவும் உயர்ந்தார். கப்பலில் இறங்கும் கலை எளிதன்று. அலையோடு ஏறி இறங்கும் தளத்தின் குறுக்கே கம்பி வடங்கள் கட்டப்பட்டிருக்கும். விமானத்தின் வாலடியில் உள்ள கொக்கி அவற்றுள் ஒன்றைப் பற்ற வேண்டும். வடம் தப்பினால் அந்தக் கணமே முழு விசையில் மீண்டும் மேலெழ வேண்டும். பகைவன் எவனும் இல்லாத நாளிலும் நம் விமானிகள் இந்த ஆபத்தைத் தாங்கியே பறந்தார்கள்.

1971 போரில் விக்ராந்தின் விமானங்கள் டிசம்பர் 4 முதல் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. மேற்குக் கடலில் லெப்டினன்ட் கமாண்டர் அசோக் ராய் உள்ளிட்ட மூவர் அலிஸே விமானத்தோடு வீரமரணம் எய்தினர். எண்பதுகளில் சீஹாரியர் விமானங்களும், 1987இல் ‘விராட்’ கப்பலும் வந்து சேர்ந்தன. 1992 மார்ச் 11 அன்று அரக்கோணத்தில் ‘ராஜாளி’ தளத்தைக் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் நாட்டுக்கு அர்ப்பணித்தார். நெடுந்தொலைவு ரோந்து விமானங்களும் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியும் அதற்குப் பெயர் ஈட்டித் தந்தன. 2009 மார்ச்சில் இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் ‘பருந்து’ தளம் பணியேற்றது.

இவ்வளர்ச்சிக்குக் கொடுத்த விலையையும் இங்கே பதிந்தாக வேண்டும். 2002 அக்டோபர் 1 அன்று, 315ஆம் படைப்பிரிவின் வெள்ளிவிழா வேளையில், இரண்டு ஐ.எல்.-38 விமானங்கள் கோவா வானில் மோதி, அவற்றிலிருந்த பன்னிருவரும் உயிர்நீத்தனர். 2009 ஆகஸ்டில் லெப்டினன்ட் கமாண்டர் சௌரவ் சக்சேனாவின் சீஹாரியர் கோவா கடலில் விழுந்தது. 2015 மார்ச் 24 இரவு டார்னியர் விமானம் ஒன்று கோவாவுக்கு அப்பால் வீழ்ந்தது. மூவரில் ஒருவரை மீனவர்கள் கரைசேர்த்தனர். லெப்டினன்ட் அபினவ் நகோரியும் லெப்டினன்ட் கிரண் ஷெகாவத்தும் திரும்பவில்லை. பணியின்போது உயிர்நீத்த முதல் பெண் கடற்படை அதிகாரி கிரண். அவ்வாண்டுக் குடியரசு நாள் அணிவகுப்பில் கடற்படையின் மகளிர் பிரிவில் நடைபோட்டவர் அவர்.

அந்தத் துயரம் ஆறுமுன்பே சகோதரப் படையான கடலோரக் காவல்படைக்கும் இழப்பு நேர்ந்தது. ஜூன் 8 மாலை சென்னையிலிருந்து ரோந்துக்குப் புறப்பட்ட டார்னியரில் துணைக் கமாண்டன்ட்கள் வித்யாசாகர், சுபாஷ் சுரேஷ், எம்.கே. சோனி ஆகியோர் இருந்தனர். இரவு 9.23க்குத் திருச்சி ராடார் திரையிலிருந்து விமானம் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வங்கக் கடலைச் சலித்தன. ஜூலையில் ‘சிந்துத்வஜ்’ நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளுக்கு, கறுப்புப் பெட்டியிலிருந்து வரும் ஒலிச் சமிக்ஞை எட்டியது. ‘ஒலிம்பிக் கேன்யன்’ என்ற ஆழ்கடல் உதவிக் கப்பல் ஏறத்தாழ 950 மீட்டர் ஆழத்திலிருந்து அப்பெட்டியை மீட்டது. ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்த மூன்று குடும்பங்களுக்கு அப்போதுதான் விடை கிடைத்தது.

2020 நவம்பர் 26 அன்று மிக்-29கே பயிற்சி விமானம் அரபிக் கடலில் வீழ்ந்தது. உடன் சென்ற பயிற்சி விமானி மீட்கப்பட்டார். பயிற்றுநர் கமாண்டர் நிஷாந்த் சிங்கைத் தேடும் பணி இரவு பகலாகத் தொடர்ந்து, டிசம்பர் 7 அன்று அவர் உடல் கிடைத்தது. இளையவருக்குப் பறக்கக் கற்பிக்கும் பணியிலேயே அவர் உயிர் பிரிந்தது.

2022 செப்டம்பர் 2 அன்று நாட்டிலேயே கட்டிய புதிய ‘விக்ராந்த்’ கொச்சியில் பணியேற்றது. மறு ஆண்டு பிப்ரவரியில் உள்நாட்டுத் தயாரிப்பான இலகு ரகப் போர் விமானம் அதன் தளத்தில் இறங்கியது. 2024 ஜூனில் அரக்கோணம் பயிற்சிப் பள்ளியிலிருந்து கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானியாக அனாமிகா பி. ராஜீவ் தேர்ச்சி பெற்றார். போர்க்களத்தில் வீழ்ந்தோருக்கு நாடு செய்யும் மரியாதையில் அணுவளவும் குறையாத மரியாதை, அமைதிக்காலக் கடமையில் கடல்கொண்ட இவர்களுக்கும் உரியது. அவர்கள் கற்றுத்தந்த ஒழுங்கையும் துணிவையும் அடுத்த தலைமுறை விமானிகளிடம் ஒப்படைப்பதே நாம் செலுத்தும் அஞ்சலி.