லாயமும் லயமும்

ஐரோப்பாவின் சிறுமியர் கதைகளில் குதிரை லாயம் அடிக்கடி வரும். ரெண்டு தோழிகள் காலையில சேர்ந்து லத்தி அள்ளுவாங்க, பின்னேரம் போட்டியில ஒருத்தரை ஒருத்தர் முந்தப் பார்ப்பாங்க. நுவரெலியாவிலும் லாயங்கள் இருந்தன. பக்கத்திலேயே நம்ம லயங்களும் இருந்தன. ஆனா அப்படியொரு கதை மட்டும் இங்க பிறக்கவேயில்ல. ஏன்?

1848இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் பண்ணை வைக்க வந்தபோது இங்கிலாந்திலிருந்து குதிரையையும் கப்பலேற்றிக் கொண்டு வந்தார். 1875இல் ரேஸ்கோர்ஸ் அமைந்தது. மன்னார்ப் பக்கம் இறங்கிக் காட்டுவழியே நடந்தே மலையேறியவர்கள் நம்ம ஆட்கள். தோட்டத்தைக் குதிரையில் சுற்றி வந்தவர் துரை. குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டியது, புல் அறுத்துப் போட்டது, லத்தி அள்ளியது எல்லாம் தமிழ்க் குதிரைக்காரர்கள். லாயத்தில் வேலை செய்தவருக்குச் சவாரி இல்லை; அவர் மகளுக்கு அந்த நினைப்பே வந்திருக்காது.

ஐரோப்பாவிலும் குதிரை ரொம்ப காலம் ராணுவ ஆண்களின் சொத்துதான். ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் பெண்களை முதன்முதலாக விட்டது 1952இல். தடை தாண்டும் போட்டிக்கு 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்புறம் பிரிட்டன், சுவீடன் சவாரிப் பள்ளிகளில் பெண்பிள்ளைகள் நிறைந்தாங்க. லத்தி அள்ளியவளே சேணத்திலும் ஏறினாள். அதனாலதான் அங்கே தோழியே போட்டியாளராகவும் ஆக முடிந்தது.

நம்ம பிள்ளைகளுக்கும் போட்டி இருந்தது, கொழுந்து மடுவத்தில். யாருடைய கூடை எத்தனை கிலோ? நிறை குறைஞ்சா அரைப்பேர். 1927ஆம் ஆண்டு குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஆண், பெண், சிறுவர் என்று மூன்று வகைக் கூலி வைத்தது. அதாவது பிள்ளைகளின் உழைப்பும் சட்டப்படி கணக்கில் இருந்தது. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் வந்தது 1984இல்தான். ரேஸில் தோற்றால் கப்பு போகும். மடுவத்தில் தோற்றால் வீட்டு அரிசி குறையும். இப்படியொரு போட்டியில் தோழியோடு விளையாட்டாய் மல்லுக்கட்ட முடியுமா?

2021இல் டோக்கியோவில் மத்தில்டா கார்ல்சன் இலங்கைக்காகக் குதிரையேறினார். ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் நம்ம நாட்டிலிருந்து போட்டியிட்ட முதல் ஆள் அவர். இலங்கையில் பிறந்து, கைக்குழந்தையாகவே சுவீடன் குடும்பம் ஒன்றுக்குத் தத்துப் போனவர். அவர் மலையகத்தவர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்த மண்ணில் பிறந்த பெண் ஒருத்திக்குச் சேணம் கிடைக்க அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்பது யோசிக்க வேண்டிய விஷயம்தானே.

ஏப்ரல் சீசனில் ரேஸ்கோர்ஸ் இன்னும் களைகட்டுது. நம்ம தங்கச்சிமாருக்குக் குதிரைதான் வேணும்னு இல்லை. வலைப்பந்தோ எல்லேயோ போதும். தோற்றாலும் சம்பளம் வெட்டப்படாத ஒரு மைதானம் வேணும். அங்கே சண்டை போடட்டும், முந்தட்டும், தோளில் கை போட்டுக்கொண்டு லயத்துக்குத் திரும்பி வரட்டும்.