கொழும்பில் இஸ்ரேலியப் பிரதிநிதிகள்: வந்ததும் போனதும்

"சேர், கொழும்பில் இஸ்ரேல் தூதரகம் எந்த ரோட்டில் இருக்கிறது?" அரசியல் விஞ்ஞானப் பாடவேளையில் ஒரு மாணவன் கேட்டான். இல்லை என்றேன். "அப்படியென்றால் நமக்கும் அவர்களுக்கும் உறவு இல்லையா?" என்றான். உறவு இருக்கிறது. முகநூலில் எழுதும் பெரியவர்களுக்கும் இதே குழப்பம் இருப்பதால் அவனுக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

ஒரு நாட்டை அங்கீகரிப்பது, அதனோடு இராஜதந்திர உறவு வைப்பது, அதன் தூதரகத்தை இங்கே இயங்க விடுவது ஆகிய மூன்றும் வெவ்வேறு. இலங்கை 1950இல் இஸ்ரேலை அங்கீகரித்தது. 1957இல் உறவு ஏற்பட்டது. 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி அரசு அவ்வுறவை நிறுத்த, கொழும்பிலிருந்த இஸ்ரேலியப் பிரதிநிதிகள் வெளியேறினர். கலாநிதி பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்த அரசு அது. ஆபிரிக்க நாடுகள் பல இஸ்ரேலுடனான உறவைத் துண்டித்தது 1973 யுத்தத்தையொட்டித்தான். நாம் முந்திக்கொண்டோம். 1975இல் பலஸ்தீன விடுதலை இயக்கத்துக்கு இங்கே அலுவலகமும் கிடைத்தது. இன்று அது பலஸ்தீனத் தூதரகம்.

1983 ஜூலைக்குப் பின் நிலைமை மாறியது. மேற்கு நாடுகள் இராணுவ உதவிக்குத் தயங்கியபோது ஜே.ஆர். ஜயவர்தன இஸ்ரேலை நாடினார். 1984இல் அமெரிக்கத் தூதரகத்துக்குள் 'இஸ்ரேலிய நலன் காக்கும் பிரிவு' திறக்கப்பட்டது. முழு உறவு இல்லாத நாடு, மூன்றாம் நாடொன்றின் தூதரகத்துக்குள் இருந்து தன் அலுவல்களைப் பார்க்கும் ஏற்பாடு இது. தனித் தூதரகமும் இல்லை, தனிக் கொடியும் இல்லை. ஆனால் பயிற்றுநர்கள் வந்தார்கள், விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சி நடந்தது. முஸ்லிம்கள் வீதிக்கு இறங்கி எதிர்த்தார்கள். அப்போதைய வெளிவிவகார அமைச்சர் ஏ.சி.எஸ். ஹமீத் என்பதை இன்றைய பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். நம்மவர் ஒருவர் அமைச்சராக இருப்பதும் நம் கோரிக்கை நிறைவேறுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்பிரிவை 1990 ஏப்ரலில் ஜனாதிபதி பிரேமதாச மூடினார். நம்மில் பலர் கதையை இங்கேயே வெற்றியோடு முடித்துவிடுகிறார்கள். ஆனால் உறவும் தூதரகமும் இல்லாத 1996இல்தான் இஸ்ரேலியத் தயாரிப்பான கிபிர் போர் விமானங்கள் நமது விமானப்படையில் சேர்ந்தன. கதவு மூடியிருந்தது, கொள்வனவு நடந்தது.

2000 ஏப்ரலில் யானையிறவு வீழ்ந்தது. மறுமாதமே சந்திரிகா அரசு இஸ்ரேலுடன் முழு உறவை மீண்டும் ஏற்படுத்தியது. அந்த அமைச்சரவையில் மர்ஹூம் அஷ்ரப் இருந்தார். நமது தூதரகம் டெல் அவிவில் இயங்குகிறது, இஸ்ரேலின் புதுடில்லித் தூதுவரே இலங்கைக்கும் பொறுப்பாக இருக்கிறார்.

1984, 2000 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண்டது வெவ்வேறு கட்சி, காரணம் ஒரே யுத்தம். ஆகவே "தூதரகம் வருகிறதாம்" என்ற வதந்திக்குக் கொதிப்பவர்கள், கொள்வனவு ஒப்பந்தங்களையும் தொழிலாளர் அனுப்பும் உடன்பாடுகளையும் வாசிக்கப் பழகினால் நல்லது. மாணவனிடமும் அதைத்தான் சொன்னேன். "அது பரீட்சைக்கு வருமா சேர்?" என்று கேட்டான்.