உமேதுவார் முதல் இன்டர்ன் வரை - சம்பளமில்லாத உத்தியோக புராணம்

"உமேதுவார்" - இந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருக்கீங்களா மக்களே? இப்போ யாரும் சொல்றதில்லை. உருது வழியா வந்த சொல். "உம்மீத்" என்றால் நம்பிக்கை. அதாவது உமேதுவார் = நம்பிக்கையோடு காத்திருப்பவர். 1886-ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலேயே இதற்குத் தனி இடம் இருக்கு. கம்பெனி காலத்துக் கச்சேரிகளில் (பாட்டுக் கச்சேரி இல்லை, கலெக்டர் ஆபீஸ்!) வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்த ஆசாமிக்கு இந்தப் பேர். வெள்ளைக்காரன் இவங்களை "வாலண்டியர்" என்றான்.

இன்னிக்கு அதே ஆசாமிக்குப் பேர் இன்டர்ன். கழுத்தில் ஒரு அடையாள அட்டை தொங்கும், அவ்வளவுதான் வித்தியாசம் :-)

சொந்தக்காரப் பையன் ஒருத்தன் இன்ஜினியரிங் முடிச்சு, ஒரு கம்பெனியில் ஆறு மாசம் இலவசமா வேலை பார்த்தான். பஸ் பாஸ், மதியச் சாப்பாடு எல்லாம் அப்பா காசு. "எக்ஸ்பீரியன்ஸ் கிடைக்குதுல்ல"ன்னு வீட்டில் சமாதானம். ஆறு மாசம் முடிஞ்சதும் கையில் ஒரு சர்டிபிகேட். அவன் உட்கார்ந்த நாற்காலியில் அடுத்த வாரமே இன்னொரு இன்டர்ன். இது ஏதோ புதுசா வந்த வியாதின்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லைங்க. நம்ம ஜார்ஜ் கோட்டை அளவுக்குப் பழசு.

5 பவுண்டு ரைட்டர்

கிழக்கிந்தியக் கம்பெனியில் சேரும் வெள்ளைக்காரப் பையனுக்கு முதல் பதவி "ரைட்டர்". கணக்கு எழுதுவது, கடிதம் நகல் எடுப்பது, கிடங்கில் சரக்கு எண்ணுவது. ராபர்ட் கிளைவ் 1744-ல் சென்னையில் வந்து இறங்கியபோது வயசு 18. சம்பளம் 5 பவுண்டு. மாசத்துக்கு இல்லை சார், வருஷத்துக்கு! அன்றைய கணக்கில் சுமார் 12 வராகன். தங்க இடம் உண்டு, சில்லறைப் படிகள் உண்டு. ஆனாலும் அதை வெச்சுக்கிட்டு ஒரு துரை குடும்பம் நடத்த முடியாது.

அப்புறம் ஏன் போட்டி போட்டுக்கிட்டு வந்தாங்க? சொந்த வியாபாரம். கம்பெனி வேலையைப் பார்த்துக்கிட்டே தன் கணக்கில் துறைமுகத்துக்குத் துறைமுகம் சரக்கு அனுப்பி லாபம் பார்க்கலாம். கம்பெனியும் அதைத் தெரிஞ்சேதான் சம்பளத்தை அடிமட்டத்தில் வெச்சிருந்தது. ரைட்டராக 1672-ல் வந்த எலிஹு யேல், 1687-ல் கோட்டையின் தலைவராகவே ஆனார். பதவியைப் பயன்படுத்திச் சொத்து சேர்த்தார் என்ற புகாரில் 1692-ல் நீக்கப்பட்டார். அவர் கொடுத்த சரக்குகளை விற்றுத்தான் 1718-ல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்குப் பேர் வந்தது. கிளைவ் கதை இன்னும் பெருசு. 1760-ல் ஊருக்குத் திரும்பும்போது கிட்டத்தட்ட 3 லட்சம் பவுண்டு சொத்து!

இதில் இருக்கும் பாடம் எளிது. வேலை செய்றவனுக்கு முதலாளி கூலி கொடுக்கலைன்னா, அந்தக் கூலியை வேற யாரோ கொடுக்கிறாங்க. அன்னிக்குக் கொடுத்தது இந்த ஊர் நெசவாளியும் விவசாயியும்.

இது கம்பெனிக்கே கடைசியில் புரிஞ்சது. 1786 முதல் 1793 வரை கவர்னர் ஜெனரலாக இருந்த காரன்வாலிஸ், வெள்ளை அதிகாரிகளின் சம்பளத்தைக் கணிசமாக உயர்த்தி, வரி வசூலிப்பவர்கள் சொந்த வியாபாரம் செய்யக் கூடாது என்றார். 1812-ல் எல்லீஸ் துரை முயற்சியில் சென்னையில் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி வந்தது. இளம் சிவிலியன்கள் அங்கே தமிழ், தெலுங்கு எல்லாம் படிச்சாங்க. படிக்கும் காலத்திலும் சம்பளம் உண்டு! பயிற்சிக்குக் காசு கொடுத்தால் கஜானா திவாலாகிவிடும் என்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கணும்.

கச்சேரித் திண்ணை

ஆனா அந்த ஞானம் வெள்ளைத் தோலுக்கு மட்டும்தான். பெரிய பதவிகளில் இந்தியர்களுக்கு இடமில்லை என்று கதவைச் சாத்தியதும் அதே காரன்வாலிஸ் காலம்தான். கீழே இருந்த சிரஸ்தார், குமாஸ்தா கூட்டத்துக்கு அற்பச் சம்பளம். அவர்களுக்கும் கீழே சம்பளமே இல்லாத நம்ம உமேதுவார்.

இவர் காலையில் கச்சேரிக்கு வருவார். நகல் எடுப்பார், கணக்கு கூட்டுவார், குமாஸ்தாவுக்கு உதவுவார். யாராவது செத்தாலோ, ஓய்வு பெற்றாலோ, நீக்கப்பட்டாலோ ஒரு இடம் காலியாகும். அது இந்த வருஷமா இருக்கலாம், நாலு வருஷம் கழிச்சும் இருக்கலாம். யோசிச்சுப் பாருங்க, இப்படி வருஷக்கணக்கில் காத்திருக்க யாரால முடியும்? வீட்டில் நிலம் இருக்கணும், இல்லைன்னா உள்ளே சித்தப்பா இருக்கணும்!

வரலாற்றாசிரியர் ராபர்ட் ஃப்ரைக்கன்பெர்க், சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூர் ஜில்லாவைப் பற்றி 1965-ல் ஒரு புத்தகம் எழுதினார். கலெக்டர்கள் வருவாங்க, போவாங்க. கச்சேரி மட்டும் சில தேசஸ்த மராத்திக் குடும்பங்களின் கையிலேயே இருந்ததை அதில் விவரமாகக் காட்டுகிறார். சொந்தத்தில் ஒரு பையனை உள்ளே உட்கார வெச்சு, வேலை பழக்கி, இடம் காலியானதும் "வேலை தெரிஞ்ச ஆள் இவன்தான்"னு துரையிடம் காட்டிவிட்டால் முடிஞ்சது. துரைக்கு பாஷையும் தெரியாது, கணக்கும் தெரியாது. வேற யாரை வைப்பார்?

திண்ணையில் காத்திருக்கும்போது இவர் எதைச் சாப்பிட்டார்? மாமூல்தான். மனு எழுத ஒரு அணா, பைலை நகர்த்த ரெண்டு அணா. ரயத்துகளை வரிக்காகக் கிட்டி போட்டும் அண்ணாந்தாள் கட்டியும் வதைத்த கொடுமைகளைச் சென்னை சித்திரவதை விசாரணைக் கமிஷன் 1855-ல் பதிவு செய்தது. அதுக்கு இந்தச் சம்பளப் பிரச்சினை மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல வரலை. ஆனா அரைவயிற்றுச் சம்பளத்தில் அதிகாரத்தை மட்டும் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

திண்ணையை ஒழிக்க நாளாச்சு. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம். 1921-ல் நீதிக்கட்சி ஆட்சியின் வகுப்புவாரி அரசாணை. 1929-ல் சென்னை மாகாணத்துக்கான தேர்வாணையம் - இந்தியாவில் ஒரு மாகாணத்துக்கு அமைந்த முதல் ஆணையம் அதுதான். "உள்ளே யாரைத் தெரியும்?" என்ற கேள்வி போய் "பரீட்சையில் எத்தனை மார்க்?" என்ற கேள்வி வந்தது. அது முழுசா வேலை செய்ததான்னு சண்டை போடலாம். ஆனா திண்ணையைவிட மேல்.

கருப்பு கோட்டு

அரசாங்க ஆபீசில் ஒழிந்தது வக்கீல் ஆபீசில் ஒழியலை. சட்டம் படித்து வந்த பிள்ளை ஒரு சீனியர் சேம்பரில் சேரணும். கட்டு தூக்கணும், வாய்தா வாங்கணும், படி எடுக்கணும். காசு? "தொழில் கத்துக்கொடுக்கிறேனே, அது போதாதா?"

1995-ல் இந்திய பார் கவுன்சில் ஒரு வருஷப் பயிற்சியைக் கட்டாயமாக்கி விதி போட்டது. கவுன்சிலுக்கு அந்த அதிகாரமே கிடையாதுன்னு உச்ச நீதிமன்றம் 1999-ல் ரத்து செய்தது. ஆனா கட்டாயம் போனாலும் வழக்கம் போகலை. 2024 ஜூனில்தான் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் மாசம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் ஜூனியர்களுக்குக் கொடுக்கணும்னு சுற்றறிக்கை அனுப்பச் சொன்னது. அதே வருஷம் அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்றது - ஆனா வெறும் பரிந்துரையாக. பரிந்துரைன்னா என்னன்னு உங்களுக்குச் சொல்லணுமா :-)

முதல் தலைமுறையாகச் சட்டம் படித்த, ஊரிலிருந்து வந்த பையன் சென்னையில் மூணு வருஷம் எப்படித் தாக்குப்பிடிப்பான்? அவன் ஊருக்குத் திரும்பிடுவான். வக்கீல் மகன் நிலைச்சு நிற்பான். பிற்பாடு நீதிபதி நாற்காலிக்கு ஆள் எடுக்கும்போது "தகுதியான ஆளே கிடைக்கலை"ம்போம். அதே கச்சேரித் திண்ணைதானே இது?

சட்டத்தில் ஒரு ஓட்டை

நம்ம நாட்டில் 1961 முதல் அப்ரண்டிஸ் சட்டம் இருக்கு. 1973-ல் இன்ஜினியரிங் பட்டதாரிகளும் டிப்ளமோ படித்தவர்களும் இதுக்குள் வந்தாங்க. 2019-ல் பட்டதாரி அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்சம் மாசம் 9,000 ரூபாய் என்றாக்கினார்கள். பெரிய தொகை இல்லை. அந்தச் சட்டப்படி அப்ரண்டிஸ் ஒரு "பயிற்சியாளர்", தொழிலாளி இல்லை என்பதும் ஒரு குறைதான். இருந்தாலும் ஒப்பந்தம் உண்டு, பதிவு உண்டு, உதவித்தொகை உண்டு.

கம்பெனிக்காரங்க கண்டுபிடிச்ச வழி ரொம்ப சுலபம். அப்ரண்டிஸ்னு கூப்பிட்டால்தானே இதெல்லாம்? இன்டர்ன்னு கூப்பிடு! வேலை அதே, நேரம் அதே, நாற்காலி அதே. பேர் மாறினதும் பொறுப்பும் போச்சு. போன தலைமுறையில் முதல் சம்பளம் வாங்கிய வேலையை இந்தத் தலைமுறை இலவசமா செய்யுது. சில இடங்களில் பிள்ளைங்களே காசு கட்டி இன்டர்ன்ஷிப் வாங்குறாங்க. உமேதுவாராவது திண்ணைக்கு வாடகை கொடுத்ததில்லை!

"கத்துக்கிறாங்க, அதுக்கு எதுக்குச் சம்பளம்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒண்ணுதான். அவன் செஞ்ச வேலையை நீங்க வாடிக்கையாளருக்கு வித்தீங்களா? வித்தீங்கன்னா அது வேலை. அதுக்குக் கூலி கொடுங்க. விக்கலை, பக்கத்தில் உட்கார வெச்சு சொல்லிக்கொடுத்தோம்னா, சரி, அது பயிற்சி. அப்பவும் பஸ் காசாவது கொடுங்க சாமி.

சேம்பரில் ஜூனியராக இருந்தவங்க, இலவச இன்டர்னா உழைச்சவங்க, இன்டர்ன் வெச்சிருக்கிற முதலாளிங்க... எல்லாரும் வாங்க, சண்டை போடுவோம்.